நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம்

அரசாங்கம் எங்களை விட்டுப் போனபோது அதற்கும் ஓர் அரசாணை போட்டுவிட்டுத்தான் போயிற்று. 'இத்தேதி முதல் தங்கள் பேட்டைக்கு அரசு இல்லை. தாங்களே தங்களைக் கவனித்துக்கொள்ளுமாறு ஆணையிடப்படுகிறது' என்று பதிவுத் தபாலில் வந்தது. கீழே ஒப்பம், முத்திரை, நகல்கள் யார் யாருக்கு என்ற விவரம். கடையைச் சாத்திக்கொண்டு போகிறவர்கள் சாத்தியதற்கு ரசீது கொடுப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

என் பெயர் காசிலிங்கம். கரிசல்பேட்டை மண்டித் தெருவில் மிளகாய் வற்றல் கமிஷன் கடை. முப்பத்தைந்து வருஷமாக எதிராளி மனத்தில் வைத்திருக்கும் விலையை அவன் மூக்கைப் பார்த்தே சொல்லிவிடுகிறவன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் ஏமாந்த கதையைக் கேட்கும்போது உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தோஷம் கிடைக்கும்.

ஆணைக்கு அடுத்த வாரம் பரஸ்பர உதவி இயக்ககத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பெயர் ஹரிபிரசாத். மண்டிக்குள் கால் வைத்ததும் ஏழு தும்மல் போட்டார். எட்டாவதை அடக்கிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"நூத்தம்பது வருஷம் முன்னாடியே பெரிய சிந்தனையாளர்கள் எழுதி வச்சிருக்காங்க. அரசாங்கமே தேவையில்லை, மனுஷங்க தாங்களாவே கூடி ஒருத்தருக்கொருத்தர் உதவிக்குவாங்கன்னு. நாங்க அதை முழு மனசோட ஏத்துக்கறோம்."

"அப்ப ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள் இட்லிக் கடை மாரிக்கனி.

"ஏத்துக்கிட்டதாலதான் மூடறோம்."

கூட்டத்தின் பின்னாலிருந்து கமலவேணி டீச்சர் எழுந்தார். சரித்திர டீச்சர், ஓய்வு பெற்றவர். அரசே கூடாது என்று முப்பது வருஷமாக நோட்டீஸ் ஒட்டியவர். அதற்காக இரண்டு முறை போலீஸ் ஜீப்பில் ஏறியவர். தன் கட்சி ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

"தம்பி, அரசு போகணும்னு கேட்டது நான்தான். போகும்போது ஆஸ்பத்திரியைக் கக்கத்துல இடுக்கிட்டுப் போங்கன்னு நான் கேக்கலையே? சரி, வரி?"

"வரி வழக்கம்போல மேடம்."

"நல்லாருக்கு. அரசாணை போட்டு அரசில்லாமப் பண்ணுறது உலகத்துலயே இதுதான் முதல் தடவை."

அதிகாரி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். பிறகு அட்டைப் பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு கைப்பட்டையை மாட்டிவிட்டார். சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒன்று. அதன் பெயர் 'ஈரம்'.

வேலை இதுதான். ஒருவருக்கு உடம்பிலோ மனத்திலோ கஷ்டம் என்றால் அவர் பட்டை நாடியையும் மூச்சையும் வைத்துக் கண்டுபிடித்துவிடும். உடனே சுற்றுவட்டம் நூறு மீட்டருக்குள் இருக்கும் அத்தனை பேர் பட்டையும் அரிக்கும். கிட்டத்தில் இருப்பவனுக்கு அதிகம், எட்டத்தில் இருப்பவனுக்குக் குறைவு. கஷ்டம் தீர்ந்தால்தான் அரிப்பு நிற்கும். பட்டையைக் கழற்றினால் உதவிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

"யாருக்குக் கஷ்டம்னு காட்டுமா?" என்று கேட்டார் கொத்தமல்லி மண்டி தனுஷ்கோடி.

"காட்டாது. அது அந்தரங்கத்துல தலையிடுறது."

"கஷ்டப்படுறவனுக்கும் அரிக்குமா சார்?" என்றாள் மாரிக்கனி.

"அவருக்கு எதுக்கும்மா? அவர் கஷ்டம் அவருக்கே தெரியுமே."

அந்த நேரம் நான் பட்டையின் தரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தமாக வாங்கினால் என்ன விலைக்குப் படியும் என்ற யோசனை. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

முதல் ஆறு மாதத்தில் ஊர் மாறிய வேகம் இருக்கிறதே! கிழவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீடுகள் காலியாயின. பெண் பார்க்கப் போனவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வீட்டில் நோயாளி உண்டா என்று கேட்டார்கள். காசு உள்ளவர்கள் ஊருக்கு வெளியே நூற்றைந்து மீட்டருக்கு ஒரு வீடாகக் கட்டிக்கொண்டு போனார்கள். 'அரிப்பில்லா மனைகள்' என்று பெரிய பெரிய பலகை வைத்தார்கள். நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஏழைகளுக்கோ காலை முதல் மாலை வரை சொறிகிற வேலைதான். மனிதனின் இயற்கையான பரிவு எவ்வளவு ஆழமானது என்று இயக்ககம் மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது.

மண்டித் தெரு மட்டும் ஓரளவு சமாளித்தது. காரணம் துண்டு. எங்கள் வியாபாரத்தில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்தால் ஓர் எண், மடக்கினால் ஓர் எண். உள்ளங்கையைச் சுரண்டினால் கட்டுப்படியாகாது என்று அர்த்தம். சுற்றி நிற்பவனுக்கு இரண்டு முழங்கையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதே துண்டை உதவிக்கும் போட்டோம். பிரசவத்துக்கு யார் கார் எடுப்பது, பக்கவாதக்காரருக்கு யார் கஞ்சி ஊட்டுவது, எல்லாம் துண்டுக்கு அடியில் முடியும். எவன் ஒத்துக்கொண்டான், எவன் சுரண்டினான் என்பது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

டீச்சர் ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"காசிலிங்கம், இந்த ஊர்ல உருப்படியா இருக்கிறது இது ஒண்ணுதான்."

"என்ன டீச்சர், பேரமா?"

"ஆமா. பரஸ்பர உதவின்னா என்னன்னு நினைச்சீங்க? மேல ஒருத்தன் உத்தரவு போடாம, ரெண்டு பேரு சமமா உக்காந்து, இன்னிக்கு உனக்கு நான், நாளைக்கு எனக்கு நீன்னு பேசி முடிக்கிறது. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ற சுதந்திரமும் அதுல சேர்த்திதான். இந்தப் பட்டை முடியாதுன்னு சொல்ல விடுதா? சொறிஞ்சுக்கிட்டே ஓடுறவன் உதவவா ஓடுறான்? தன் அரிப்பைத் தீத்துக்க ஓடுறான்."

"எப்படி ஓடுனா என்ன டீச்சர், கஞ்சி போய்ச் சேருதுல்ல?"

"கஞ்சி சேருது. கஞ்சி வேணுமான்னு யாராவது கேட்டீங்களா?"

அந்தப் பேச்சை நான் அங்கேயே முடித்துக்கொண்டேன். லாபமில்லாத பேச்சு.

தை மாதத்தில் எங்கள் தெருவுக்குத் தீராத அரிப்பு ஒன்று வந்தது. யாருக்கும் பிரசவம் இல்லை, காய்ச்சல் இல்லை, சாவு இல்லை. ஆனாலும் விடிந்ததும் தொடங்கிவிடும். தனுஷ்கோடிக்கு மணிக்கட்டில் தோல் உரிந்தது. மாரிக்கனி ஒரு கையால் சொறிந்துகொண்டு மறு கையால் மாவு ஊற்றியதில் இட்லி எல்லாம் ஆளுக்கொரு உருவத்தில் வந்தது.

எனக்கு மட்டும் அரிக்கவில்லை.

சந்தேகம் வந்து ஒருநாள் பட்டையைக் கழற்றாமலே தட்டிப் பார்த்தேன். என் பட்டை பழுதாகிவிட்டது, அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். மாற்றிக் கொடுங்கள் என்று நான் ஏன் கேட்கப் போகிறேன்? லாபம் வந்தால் அதை வெளியே காட்டக் கூடாது என்பது பேட்டையில் பாலோடு புகட்டுகிற பாடம். எல்லோரும் சொறியும்போது நானும் சொறிந்தேன். கொஞ்சம் அதிகமாகவே சொறிந்தேன். "இந்த நாசமாப் போற அரிப்பு என்னிக்குத்தான் தீருமோ" என்று தனுஷ்கோடியிடம் அலுத்துக்கொண்டேன். உடம்பும் அந்த வருஷம் நன்றாக இளைத்து, வேட்டியில் ஒரு சுற்று கூடியிருந்தது. சாப்பாட்டைக் குறைத்ததால் வந்த கட்டுக்கோப்பு என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். இருமல் இருந்தது. மிளகாய் மண்டியில் இருமாதவன் எவன்?

அரிப்புக்குக் காரணம் யார் என்று கண்டுபிடிக்கத் தெருவுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கோட்டைச்சாமி இருந்தானே.

கோட்டைச்சாமி என் மண்டியில் மூட்டை தூக்கியவன். நாலு வருஷத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்து அவன் மேல் விழுந்ததில் வலது கால் முழங்காலோடு போய்விட்டது. என் வீட்டை ஒட்டி, குடோனுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தான். கையாலேயே பிரேக் போடும் மூன்று சக்கரப் பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்று வைத்துக்கொண்டு பார்சல் கொண்டுபோய்ப் போட்டான். தெருவில் கால் இல்லாதவன் அவன் ஒருவன்தான். அரிப்பு வேறு எங்கே இருந்து வரும்?

தெருவே திரண்டு அவனுக்கு உதவியது. ஒரே நாளில் மூன்று பேர் அவனைக் குளிப்பாட்டினார்கள். மாரிக்கனி காலையில் பன்னிரண்டு இட்லி கொடுத்தாள், மதியம் இன்னும் பன்னிரண்டு. தனுஷ்கோடி அவன் ஸ்கூட்டரைப் பிடுங்கிப் பூட்டி வைத்தார், அலையக் கூடாதாம்.

"யய்யா, எனக்கு ஒண்ணும் வேணாம்யா" என்று கத்தினான் கோட்டைச்சாமி. "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்தேன்? வண்டியைக் குடுங்க, பார்சல் கெடக்கு!"

"பாத்தீங்களா, வேதனையில புத்தி பேதலிக்குது" என்றேன் நான்.

அரிப்பு நிற்கவில்லை. தூங்கினால் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். மோரில் தூக்க மாத்திரையைக் கரைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் கிட்டே போகப் போக அவன் பட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

"சொம்பை அங்கனயே வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி."

"என்னடா, நான் என்ன புலியா?"

"புலி வந்தாக்கூட இப்படி அரிக்காது."

அவன் பகல் முழுக்கத் தூங்கினான். தெருவுக்கு அரிப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை. 'தூக்கத்தில்கூட இவனுக்கு என்ன குறை?' என்று தெரு கோபப்பட்டது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு எப்படித்தான் உதவுவது!

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை காலையில் மாரிக்கனி கடை முன்னால் கூடினோம். யோசனை என்னுடையது. பழைய எடைமேடை ஷெட் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், தெருக்கோடியிலிருந்து நூற்றுப் பத்து மீட்டர். கோட்டைச்சாமியை அங்கே குடிவைத்துவிட்டால் அவனும் நிம்மதி, நாமும் நிம்மதி. நானே ஒவ்வொருவரிடமும் போய்த் துண்டைப் போட்டேன். ஒரு விரல் பிடித்தால் சம்மதம், சுரண்டினால் மறுப்பு. இருபத்தாறு துண்டு. யார் சுரண்டினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சுரண்டியவர்கள் நாலே பேர்.

டீச்சர் துண்டுக்குள் கையை விடவே இல்லை.

"கோட்டைச்சாமிகிட்ட துண்டு போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அவன் விஷயத்தைப் பத்தித்தான டீச்சர் பேசுறோம், அவன்கிட்ட என்ன கேக்க?"

அவர் என்னைப் பார்த்தார். சொத்தைக் காயைக் கண்ட தரகன் பார்ப்பானே, அப்படி.

கோட்டைச்சாமி சண்டை போடவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுத்தோம். அவன் தகரப் பெட்டியை நானே தூக்கி வைத்தேன். மூச்சு வாங்கியது. மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கிளம்பும்போது அவன் என்னைக் கூப்பிட்டான்.

"காலையில இருமல் வந்தா வெந்நி குடிங்க அண்ணாச்சி. மோரு வேணாம்."

மோர் என்று சொன்னபோது கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியது. தெரு முழுக்க மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான்தான் முதலில் கையை உதறினேன். எத்தனை மாத நடிப்பு! இனிமேல் சொறிய வேண்டியதில்லை என்ற நிம்மதி எனக்கு நிஜமாகவே வந்துவிட்டது.

"ஆஹா! நின்னுடுச்சு!" என்று சத்தமாகச் சொன்னேன். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?"

தனுஷ்கோடி சொறிந்துகொண்டிருந்தார். மாரிக்கனி சொறிந்துகொண்டிருந்தாள். வரிசையாக இருபத்தாறு பேரும் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

"எங்களுக்கு நிக்கலையே அண்ணாச்சி" என்றார் தனுஷ்கோடி மெதுவாக.

"இல்லண்ணே, கொஞ்ச நேரம் ஆகும்..."

"உங்களுக்கு மட்டும் நின்னுடுச்சா?"

"அவருக்கு எதுக்கும்மா, அவர் கஷ்டம் அவருக்கே தெரியுமே" என்று மாரிக்கனி அதிகாரியின் குரலிலேயே சொன்னாள். அவள் கேலிக்குச் சொல்லவில்லை. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே புரிந்தது. என் பக்கம் ஓர் அடி வைத்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள்; இன்னோர் அடி வைத்தாள், முகத்தைச் சுளித்தாள். பிறகு இரண்டு அடி பின்னால் போனாள்.

அப்போது பார்த்து எனக்கு இருமல் வந்தது. துண்டால் வாயைத் துடைத்தேன். துண்டில் சிவப்பு. மிளகாய்ப் பொடி என்று சொல்லலாம் என நினைத்தேன். இந்தத் தெருவில் வற்றலின் சிவப்பைத் தெரியாதவர்கள் இல்லை.

எல்லோருக்கும் என்மேல் மரியாதை உண்டு. அதனால் ஒரு வாரம் பொறுத்தார்கள். அந்த ஒரு வாரமும் என்னை மூன்று வேளை குளிப்பாட்டினார்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக இட்லி கொடுத்தார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை கூட்டிப்போனார்கள். நுரையீரல், ஆறு மாதத்துக்கு வாரம் மூன்று முறை வர வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. ஆறு மாதம் தெரு சொறிந்துகொண்டே இருப்பதா? அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் போட்டார்கள். தனுஷ்கோடி துண்டை எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போனார். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக நான் துண்டுக்கு வெளியே நின்றேன். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எனக்கும் முழங்கைகள்தான் தெரிந்தன. என்னிடம் மட்டும் யாரும் துண்டு போடவில்லை. என் விஷயத்தைப் பற்றித்தானே பேசுகிறார்கள், என்னிடம் என்ன கேட்க?

டீச்சர் அன்றும் துண்டுக்குள் கையை விடவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி என்கூட வந்தார், அவ்வளவுதான். நியாயமாக அவர் ஏதாவது குத்திக்காட்டியிருக்க வேண்டும். அவர் 'பள்ளம், பாத்து நடங்க' என்று மட்டும் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது.

ஷெட்டில் கோட்டைச்சாமி ஸ்கூட்டர் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. பெட்டியை இந்தப் பக்கம் வைங்க, அந்தப் பக்கம் ஒழுகும்."

டீச்சர் பெட்டியை வைத்துவிட்டுச் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். கோட்டைச்சாமியின் மணிக்கட்டைப் பார்த்தேன். பட்டை இல்லை, சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று பயந்து ஊரில் யாரும் கழற்றியதில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"ஒரு செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தேன். தெருவுக்கு அரிச்சதுல எனக்கு நாலு பங்கு அரிச்சுச்சு. நீங்க வாசல்ல வந்தா கூடும், கடைக்குப் போனா குறையும். இதுக்கு என்ன படிப்பா வேணும்?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே இங்க கொண்டாந்து போட்டிருப்பாங்க. தனியா இருமிக்கிட்டு கெடப்பீங்க. எனக்கு ஒழுகுற எடம் பழக்கம், மொதல்ல வந்து பாத்து வைப்போம்னு வந்தேன்." பிளக்கை ஊதினான். "நான் விழுந்தன்னிக்கு மொதல்ல ஓடியாந்து தூக்குனது நீங்கதான?"

நான் பொய் சொல்லத் தயங்காதவன். ஆனால் தராசு முன்னால் நின்று பொய் சொல்லிப் பழக்கமில்லை. நாங்கள் நின்றது எடைமேடை.

"நான் தூக்கினது மூட்டையை. முதல் தரச் சம்பா வத்தல். பிரிஞ்சு கொட்டிட்டு இருந்தது."

"தெரியும் அண்ணாச்சி. அடியில கெடந்தது நான்தான? 'வத்தல், வத்தல்'னுதான் கத்துனீங்க." அவன் சிரித்தான். "ஆனாலும் மூட்டை எந்திரிச்சதாலதான நானும் எந்திரிச்சேன். சரி, மோர் கொண்டாந்தீங்களா? மாத்திரை போடாதது?"

மதியம் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. அதிகாரி ஹரிபிரசாத் வந்திருந்தார். மண்டித் தெருவில் அரிப்பு அடியோடு அடங்கிவிட்டதாம். உதவி தேவைப்படுவோர் ஒருவர்கூட இல்லாத முதல் தெருவாம். பரஸ்பர உதவிக்கான கேடயத்தைத் தனுஷ்கோடி வாங்கினார் போலிருக்கிறது. கைதட்டலுக்கு நடுவே ஒரு தும்மலும் கேட்டது.

"டவுன் ஆஸ்பத்திரிக்கு வாரம் எத்தனை நாளு?" என்று கேட்டான் கோட்டைச்சாமி.

"மூணு நாளு. உனக்கென்னடா? உனக்குத்தான் பட்டையே இல்லையே. அரிக்காம எவன் வருவான்?"

"துண்டை எடுங்க."

அந்த ஷெட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கை இல்லை. மறைக்க ஆள் இல்லாத இடத்தில் துண்டு எதற்கு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஒருவன் முகத்தைப் பார்த்துப் பேச முடியாத சமயத்துக்கும் துண்டுதான் உதவுகிறது. போட்டேன். அவன் கை உள்ளே வந்தது. மூட்டை தூக்கிக் காய்த்த கை.

என் மூன்று விரலைப் பிடித்தான். வாரம் மூன்று நாள் என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவருவான்.

"பதிலுக்கு?" என்றேன். பழக்கம்.

"அடிபம்பு அந்தா அங்க இருக்கு. எனக்கு மூச்சு இருக்கு, கால் இல்ல. உங்களுக்கு ரெண்டு காலும் இருக்கு. சின்னக் குடமா எடுத்துக்கிட்டு மெதுவா நடங்க." ஒரு நாளைக்கு மூன்று குடம் என்று விரலைப் பிடித்தான்.

உயிர் போகிற இருமல். உலகத்தில் என்னைத் தேடி அரிப்பு இல்லாமல் நீண்ட ஒரே கை அது. கும்பிட்டு வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். நான் அவன் பிடித்த மூன்று விரலில் ஒன்றை மடக்கினேன்.

கோட்டைச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்த தெருவில் ஒருவன்கூட அவனிடம் பேரம் பேசியதில்லை.

"ஏய் அண்ணாச்சி, தண்ணி இல்லாம சோறு எப்படிப் பொங்க?" என்று மடக்கிய விரலைப் பிடித்து நிமிர்த்தினான். நான் மறுபடி மடக்கினேன். அவன் என் உள்ளங்கையைச் சுரண்டினான். நான் அவன் உள்ளங்கையைச் சுரண்டினேன்.

கடைசியில் எத்தனை குடத்துக்கு முடிந்தது என்று கேட்காதீர்கள். துண்டுக்கு அடியில் நடந்ததை வெளியே சொல்கிறவனை எங்கள் பேட்டையில் யாரும் வியாபாரி என்று மதிக்க மாட்டார்கள்.